கடித்த பூச்சியைக் கண்ணால் பாருங்கள்

(சுங்குவார்சத்திரத்தில் தொழிலாளர்களும் விடுதிப் பொறுப்பாளர்களும் வீட்டு உரிமையாளர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதல் ஷிப்ட் முடித்த கையோடு வந்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். இரவு ஷிப்டுக்கு பஸ் பிடிக்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். தோலில் இருக்கும் தடிப்பை மட்டும் பார்த்து, கடித்தது இன்ன பூச்சி என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. தோல் மருத்துவரால்கூட ஊகிக்கத்தான் முடியும். ஆனால் பூச்சியைப் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், இந்தக் கூடத்தில் இருக்கும் எல்லோராலும் சொல்லிவிட முடியும். அதற்குப் பட்டம் எதுவும் வேண்டாம். எப்படிப் பிடிப்பது, எதைப் பார்ப்பது, பார்த்தபின் என்ன செய்வது, இதுதான் இன்றைய பேச்சு.

தடிப்பை ஏன் நம்ப முடியாது என்றால், அது பூச்சி போட்ட கையெழுத்து அல்ல. பூச்சியின் எச்சிலுக்கு உங்கள் உடம்பு காட்டும் ஒவ்வாமை. எட்டுப் பேர் படுக்கும் ஓர் அறையில் ஒரே இரவில் எட்டுப் பேரையும் மூட்டைப்பூச்சி கடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்குக் காலையிலேயே தடிப்பு வரும். சிலருக்கு நாலைந்து நாள் கழித்து வரும். சிலருக்கு வரவே வராது. கடிபட்டதே தெரியாமல் ஊருக்குப் போய் வந்துகொண்டிருப்பார்கள். அந்த அறையில் சொறிந்துகொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்து மற்றவர்கள், "எங்களுக்கு ஒண்ணுமில்லையே, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்கிறார்கள். அவள் குளிப்பதில்லை என்ற பேச்சு வருகிறது. பையை வெளியே வை என்கிறார்கள். வடக்கிலிருந்து வந்த பையன் என்றால் பேச்சு இன்னும் கடுமையாகிறது. கடித்த தடம் யாருக்குத் தெரிகிறதோ அவரே குற்றவாளி ஆகிவிடும் இந்த வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. மூட்டைப்பூச்சிக்கு அழுக்கு தேவையில்லை, ரத்தம்தான் தேவை. அது சுத்தமானவரையும் கடிக்கும், சுத்தமில்லாதவரையும் கடிக்கும்.

மூன்று தடிப்பு வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி என்று செல்போனில் ஒரு செய்தி சுற்றுகிறது. கொசு கடித்தும் வரிசையாக வரும். மூட்டைப்பூச்சி கடித்துச் சிதறலாகவும் வரும். அதை நம்பி யாரும் மருந்து வாங்க வேண்டாம்.

இந்த ஊரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் தொடர்ந்து வந்தன. நெல்வயலுக்கும் ஏரிக்கும் நடுவில் கார், செல்போன், டிவி, பைக் எல்லாம் உற்பத்தியாகின்றன. அவற்றைச் செய்கிறவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்ற கேள்வி மட்டும் வெகுகாலம் பின்னாலேயே நின்றது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் சக தொழிலாளர்கள் நோயுற்றதை எதிர்த்துப் பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி நாடு முழுக்கக் கேட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனாலும் எத்தனையோ ஆயிரம் பேர் இன்னும் வாடகை ரூம்களில், ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுக்கும் ஏற்பாட்டில்தான் இருக்கிறார்கள்.

ஷிப்ட் முறையால் இரவும் பகலும் அறையில் யாராவது தூங்கிக்கொண்டே இருக்கிறார்கள். மூட்டைப்பூச்சி இருட்டில் வருவது என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், ஆனால் பகலில் தூங்குகிறவர் கிடைத்தால் அது பகலிலும் வரும். பகலில் கடிக்கும் டெங்கு கொசுவுக்கோ, இரவு ஷிப்ட் முடித்து காலை எட்டு மணிக்கு வலை இல்லாமல் படுப்பவர் மிகவும் வசதியான ஆள். நம் வழிகாட்டிப் பிரசுரங்கள் எல்லாம் இரவில் தூங்கும் குடும்பத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே வாழ்க்கை அப்படி இல்லை.

இனி நம் சென்னையில் நடந்த ஒரு பழைய கதை. பூச்சியைத் தவறாக அடையாளம் காண்பது படிக்காதவர் செய்யும் பிழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதைச் சொல்கிறேன்.

காலா அசார் என்றொரு காய்ச்சல் உண்டு. வாரக்கணக்கில் காய்ச்சல், உடல் மெலிவு, வயிற்றின் இடப்பக்கம் மண்ணீரல் வீக்கம். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் மரணம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் இப்படிப்பட்ட நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். மலேரியா என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். 1903இல் சார்லஸ் டோனோவன் என்ற மருத்துவர், நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியை நுண்ணோக்கியில் பார்த்து, இது மலேரியாக் கிருமி இல்லை, வேறு என்று கண்டார். கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர் அவர். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தவர். அதே ஆண்டு சற்று முன்னதாக லீஷ்மன் என்பவரும் இங்கிலாந்திலிருந்து அதே கிருமியைப் பற்றி எழுதியிருந்தார். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து அந்தக் கிருமிக்கு லீஷ்மேனியா டோனோவனி என்று பெயர் வைத்தார். நம் சென்னை மருத்துவமனையில் உழைத்த ஒருவரின் பெயர் அப்படி உலக மருத்துவ நூல்களில் ஏறியது.

கிருமி தெரிந்துவிட்டது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அதைக் கொண்டுபோவது எது? வீடு வீடாக, ஒரே குடும்பத்துக்குள் நோய் வருகிறது. அந்த வீடுகளின் கட்டில்களில் மூட்டைப்பூச்சி நிறைந்திருக்கிறது. சந்தேகம் மூட்டைப்பூச்சி மேல் விழுந்தது இயல்புதான். கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றிய டபிள்யூ. எஸ். பேட்டன், மூட்டைப்பூச்சிகளுக்கு நோயாளிகளின் ரத்தத்தைக் கொடுத்து, பிறகு அவற்றின் குடலைத் திறந்து பார்த்தார். கிருமி அங்கே வடிவம் மாறி வளர்ந்திருந்தது. 1907இல் அதை அறிக்கையாக வெளியிட்டார். கவனமான, பொறுமையான வேலை. அவர் பார்த்ததும் பொய்யில்லை. ஆனால் பூச்சியின் வயிற்றில் கிருமி வளர்வது ஒன்று. அந்தப் பூச்சி கடித்து இன்னொருவருக்கு நோய் வருவது வேறொன்று. இரண்டாவதை யாராலும் காட்ட முடியவில்லை. ஆண்டுகள் ஓடின.

உண்மையான ஆள் அதே வீடுகளில், அதே இரவுகளில், ஓசையில்லாமல் கடித்துக்கொண்டிருந்தது. மணல் ஈ. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாத, உடலெங்கும் மயிர் மூடிய, கொசுவைவிடச் சிறிய பூச்சி. உட்காரும்போது இறக்கைகளை மடக்காமல் மேல்நோக்கி 'வி' வடிவில் பிடித்திருக்கும். நீளமாகப் பறக்காது, தத்தித் தத்திப் போகும். மாட்டுக் கொட்டகை, ஈரமான மண்சுவர், விரிசல் ஆகிய இடங்களில் வளரும். சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள்ளேயே நுழைந்துவிடும். 1924இல் கல்கத்தாவில் மணல் ஈயின் உடலில் கிருமி வளர்வதைக் கண்டார்கள். நோய் இருக்கும் பகுதிகளின் வரைபடமும் அந்த ஈ இருக்கும் பகுதிகளின் வரைபடமும் பொருந்திப்போவதை சின்டன் என்பவர் எடுத்துக்காட்டினார். அப்போதும் கடித்து நோய் வருவதைக் காட்ட முடியவில்லை. ஆய்வகத்தில் ஈக்கள் சீக்கிரம் செத்துவிடும், அல்லது கிருமி போதிய அளவு பெருகாது. ரத்தம் குடித்த ஈக்களுக்குப் பிறகு உலர்திராட்சை கொடுத்து வைத்தால் கிருமி செழித்து வளர்கிறது என்று 1940ஐ ஒட்டி ஸ்மித், ஹால்தர், அகமது மூவரும் கண்டபின் வழி திறந்தது. 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர், தாமாக முன்வந்த 5 பேரை அந்த ஈக்கள் கடிக்கும்படி விட்டு, ஐவருக்கும் நோய் வந்ததைக் காட்டினார்கள்.

பேட்டனின் அறிக்கையிலிருந்து அதுவரை 35 ஆண்டுகள். அத்தனை காலமும் ஏழை வீட்டுக் கட்டில்கள் சந்தேகத்தில் நின்றன. மூட்டைப்பூச்சி தூக்கத்தைக் கெடுக்கும், அரிப்பைக் கொடுக்கும், மனதை அரிக்கும். ஆனால் அது மனிதர்களுக்கு எந்த நோயையும் கடத்துவதாக இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. இந்தச் செய்தியை வார்டன்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மூட்டைப்பூச்சி வந்துவிட்டது என்று ஒருவரை அறையிலிருந்து வெளியேற்ற மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். காலா அசார் இந்தியாவில் மிகவும் குறைந்துவிட்டது. எஞ்சியிருப்பது பெரும்பாலும் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதிகளில். அந்த மாநிலங்களிலிருந்து வந்து இங்கே வேலை செய்கிற தம்பிகள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். ஊருக்குப் போய் வந்தபின் இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் விடவில்லை என்றால், எந்த மாவட்டத்துக்குப் போய் வந்தேன் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இப்போது கட்டிலுக்கு வருவோம்.

வளர்ந்த மூட்டைப்பூச்சி 5 மி.மீ. நீளம் இருக்கும். ஒரு துவரம்பருப்பை அழுத்தித் தட்டையாக்கினால் எப்படி இருக்குமோ அந்த அளவு, அந்த வடிவம். செம்பழுப்பு நிறம். ஆறு கால்கள். இறக்கை இல்லை, பறக்காது, குதிக்காது. நடக்க மட்டும் செய்யும். மேலிருந்து கீழாகத் தட்டை, அதனால்தான் கட்டில் போல்ட்டின் இடுக்கில்கூட ஒளிகிறது. ரத்தம் குடித்தபின் உருண்டு நீண்டு கருஞ்சிவப்பாகிவிடும். குடித்ததையும் குடிக்காததையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வேறு வேறு பூச்சி என்றே நினைப்பீர்கள். முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், வைக்கோல் நிறம், ஏறக்குறைய கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். அது பெரிதாக ஐந்து முறை தோலுரிக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு வேளை ரத்தம் வேண்டும். கொசுவில் பெண் மட்டும்தான் கடிக்கும். மூட்டைப்பூச்சியில் ஆண், பெண், குஞ்சு எல்லாமே கடிக்கும்.

தேடுவது எப்படி என்று சொல்கிறேன். செல்போன் டார்ச்சை மெத்தை மேல் நேராக அடிக்காமல், மெத்தையின் தையல் ஓரத்தை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். தையல் மடிப்பை இரண்டு கட்டை விரலாலும் விரித்துக்கொண்டே தலைமாட்டிலிருந்து நகருங்கள். முதலில் கண்ணில் படுவது பூச்சியாக இருக்காது. பேனா முனையால் வைத்தது போன்ற கரும்புள்ளிகள் தெரியும். அது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். ஈரத்துணியால் தேய்த்தால் பழுப்பாகவோ செம்பழுப்பாகவோ இழுபடும். சாதாரண அழுக்குப் புள்ளி அப்படி இழுபடாது. பக்கத்தில் உரித்த தோல்கள், வெள்ளை நிறத்தில் ஒட்டவைத்த முட்டைகள். பிறகு கட்டிலின் போல்ட் துளைகள், இரும்புக் குழாயின் திறந்த முனை, பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்பக்க விளிம்பு, ஸ்விட்ச் பாக்ஸ், சுவரில் மாட்டிய காலண்டரின் பின்புறம். பூச்சி கிடைத்தால் நசுக்காதீர்கள். நசுக்கினால் அடையாளமே போய்விடும். ஒரு செல்லோ டேப்பில் ஒட்டி வெள்ளைத் தாளில் வையுங்கள். போனின் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். கால்களை எண்ணுங்கள்.

கால் எண்ணுவது சின்னக் காரியம்தான், ஆனால் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். எட்டுக் கால் என்றால் அது உண்ணி. ரூமுக்கு வெளியே நாய் படுக்கிறது, சுவரில் பூச்சி ஏறுகிறது, உடனே மூட்டைப்பூச்சி என்று கூச்சல். நாய் உண்ணி சுவர் ஏறுவது வழக்கம்தான். அதற்கு நாய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டும், மெத்தையை எரித்துப் பயனில்லை. உண்ணிக் குஞ்சுக்கு மட்டும் ஆறு கால்தான் என்பதை மறக்காதீர்கள்; ஆனால் அதற்கு மூட்டைப்பூச்சிக்கு இருப்பதுபோல் தலையில் நீட்டிய கொம்பு கிடையாது.

ஆறு காலும் இருக்கிறது, தொட்டவுடன் துள்ளிப் பாய்கிறது, பக்கவாட்டில் அமுங்கிய ஒடுக்கமான உடல், 2, 3 மி.மீ. நீளம் என்றால் தெள்ளுப்பூச்சி. பூனை, நாய், எலி இருக்கும் இடத்தில் வரும், பெரும்பாலும் கணுக்காலில் கடிக்கும். ஓடினால், அதுவும் வேகமாக ஓடினால், உடம்பைவிட நீளமான மீசை இருந்தால், கரப்பான் குஞ்சு. அரிசி மூட்டையை அறைக்குள் வைத்திருப்பவர்கள் மெத்தையில் செம்பழுப்பு வண்டைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். முதுகின் நடுவில் நேர்கோடு ஓடி, ஓடு கடினமாக இருந்தால் அது தானிய வண்டு. அது கடிப்பதில்லை. மழைக்காலத்தில் ஈரச் சுவரில், பழைய அட்டைப்பெட்டியில் ஊரும் வெளிறிய பொடிப் பூச்சிகளும் மூட்டைப்பூச்சிக் குஞ்சு போலத் தெரியும். அவை பூஞ்சையைத் தின்பவை. சுவரைக் காயவைத்தால் போய்விடும்.

கொசுவுக்கு வருகிறேன். கொசு என்று பொதுவாகச் சொல்வது போதாது என்பதை உலகுக்குக் காட்டியவர் அந்த ரொனால்ட் ராஸ்தான். மதராஸ் மாகாண மருத்துவப் பணியில் சேர்ந்தவர். செகந்திராபாத்தில் மலேரியா நோயாளிகளைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்து, அந்தக் கொசுக்களை நூற்றுக்கணக்கில் அறுத்துப் பார்த்தார். சாம்பல் நிறக் கொசுவும் வரி போட்ட கொசுவும்தான் அவர் கையில் அதிகம் இருந்தன. அவற்றில் எதுவும் தெரியவில்லை. இறக்கையில் புள்ளியுள்ள கொசுவை எடுத்துப் பார்த்த பிறகுதான், 1897 ஆகஸ்ட் 20 அன்று, அதன் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்காக 1902இல் நோபல் பரிசு வந்தது.

அந்த மூன்று வகையும் நம் ரூமிலேயே இருக்கின்றன. கறுப்பு உடல், காலில் வெள்ளை வளையங்கள், பகலில் கடிக்கும் என்றால் ஏடிஸ், டெங்கு, சிக்குன்குனியா. உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கி, தலை சுவரை நோக்கிச் சாய்ந்திருந்தால், இறக்கையில் புள்ளிகள் இருந்தால் அனாபிலஸ், மலேரியா. சுவருக்கு இணையாக, கூன் போட்டு உட்காரும் மங்கிய பழுப்புக் கொசு கியூலெக்ஸ். சாக்கடையில் பிறப்பது, இரவில் காதில் ரீங்காரமிடுவது, யானைக்கால் நோய்க் கிருமியைச் சுமக்கக்கூடியது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது. சாக்கடைக்கு மருந்தடித்துவிட்டு டெங்கு நிற்கவில்லையே என்று வருந்தினால் எப்படி நிற்கும்? ஏடிஸ் பிறப்பது நல்ல தண்ணீரில்: மாடி டிரம், பக்கெட், பழைய டயர், ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு. அதன் முட்டை காய்ந்துபோன பாத்திரத்தின் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை. நகரத்து அனாபிலஸ் வகை மூடியில்லாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும். மாடியில் இருக்கும் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்பதை வீட்டு உரிமையாளர் ஏறிப் பார்த்தே தீர வேண்டும்.

ஒரு சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூட்டைப்பூச்சி ஏறாதிருக்கக் கட்டில் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது பழைய முறை. அந்தத் தண்ணீரை மாற்றாமல் விட்டால் அதில் ஏடிஸ் பிறக்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றி, வாரம் ஒரு முறை மாற்றுங்கள். தண்ணீரே இல்லாத வழுவழுப்பான கிண்ணம் போதும் என்றும் நினைக்காதீர்கள். வெப்ப நாடுகளில் உள்ள மூட்டைப்பூச்சி வகை வழுவழுப்பான சுவரிலும் ஏறக்கூடியது.

பூச்சியே கண்ணில் படவில்லை, ஆனால் அரிப்பு இரவில் உயிரை வாங்குகிறது, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிறு கொப்புளங்கள் இருக்கின்றன என்றால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். தோலுக்குள்ளேயே வளை தோண்டி வாழ்வது, அரை மில்லிமீட்டர்கூட இல்லாதது. முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் அறை முழுவதும் பரவியிருக்கும். இதற்கு மெத்தையில் ஸ்ப்ரே அடித்துப் பயனில்லை. மருத்துவர் தரும் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். அரிப்பு இல்லாதவர் உட்பட அறையில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். ஒருவர் விட்டுவிட்டால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் நம் வட மாவட்டங்களில் வருகிறது. செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவதால் தெருநாய்மேல் பழி விழுகிறது. அதைக் கடத்துவது புதர்களிலும் புல்லிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. கண்ணுக்கே தெரியாத அளவு. கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் காலி மனைப் புதருக்குள் போய் வருகிறவர்களுக்கு ஆபத்து. காய்ச்சலோடு அக்குளிலோ இடுப்பிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்காது என்பதால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. சரியான நேரத்தில் டாக்சிசைக்ளின் மாத்திரை கிடைத்தால் குணமாகும் நோய் இது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று தாக்கும்.

கடிக்கவே கடிக்காமல் பழி வாங்குவது ஒன்று உண்டு. மழைக்குப் பின் வயலிலிருந்து டியூப்லைட் வெளிச்சத்துக்கு வரும், ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும் ஒல்லியான வண்டு. ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும். கழுத்தில் உட்காருவதைக் கையால் தேய்த்து நசுக்கினால் அதன் உடலில் உள்ள நச்சு தோலைச் சுடும். மறுநாள் கோடு போட்டது போல எரிச்சலும் கொப்புளமும். அக்கி என்று நினைத்து காவி எழுதப் போகிறார்கள். கம்பெனியில் கெமிக்கல் பட்டுவிட்டது என்றும் நினைக்கிறார்கள். அந்த வண்டை நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

இனி மருந்து. இதைத்தான் மிகுந்த கவலையோடு சொல்ல வந்தேன்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் டி.டி.டி. வந்தபோது மூட்டைப்பூச்சியின் காலம் முடிந்தது என்று நம்பினார்கள். அதன் பூச்சிக்கொல்லித் தன்மையைக் கண்ட பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்கு முந்திய ஆண்டே ஹவாயின் பேர்ல் ஹார்பர் படைக் குடியிருப்பில் டி.டி.டி.க்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் தெரியவந்தன. கூட்டமாகத் தூங்கும் இடம் அதுவும். இன்று கடையில் வாங்கும் ஸ்ப்ரேக்களில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கும் உலகெங்கும் மூட்டைப்பூச்சி பழகிவிட்டது. நீங்கள் ஒரு அறையில் ஸ்ப்ரே அடித்தால் சாகாமல் தப்புவது பக்கத்து அறைக்குப் போகிறது. முட்டையை மருந்து எளிதில் தொடாது. ஒரு வாரம் பத்து நாளில் பொரித்து மறுபடி தொடங்கும்.

மருந்து வேலை செய்யவில்லை என்றால் அடுத்து என்ன செய்கிறோம்? இன்னும் கடுமையானதைத் தேடுகிறோம். வயலுக்கு அடிக்கும் மருந்தைத் தூங்கும் அறையில் அடிக்கிறோம். தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கட்டிலுக்கடியில் வைக்கிறவர்களும் உண்டு. ஈரக் காற்றுப் பட்டால் அதிலிருந்து வரும் வாயு மனிதரைக் கொல்லும். பக்கத்து அறையில் தூங்குகிறவரையும் கொல்லும். 2024 நவம்பரில் இதே மாவட்டத்தில், குன்றத்தூரில், எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்தின் நச்சை மூச்சில் இழுத்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது இதற்குத்தான். நோய் பரப்பாத ஒரு பூச்சிக்காக உயிரைக் கொடுக்க வேண்டாம்.

மூட்டைப்பூச்சியைக் கொல்ல நிச்சயமான வழி சூடுதான். 48 டிகிரி செல்சியஸில் வளர்ந்த பூச்சி அரை மணிக்குள் சாகும். முட்டை சாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறிய துணியில் எதுவும் பிழைக்காது. இரும்புக் கட்டிலைப் பிரித்து வெளியே வைத்து, இணைப்புகளிலும் துளைகளிலும் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். காய்ந்தபின் துளைகளை அடைத்துப் பெயின்ட் அடியுங்கள். மெத்தையை வெறுமனே வெயிலில் போட்டால் மேல்பக்கம் சுடும்; பூச்சி நிழலான அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். நீராவிக் கருவி கிடைத்தால் தையல் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், பையைக் கட்டில் மேல் வைக்காதீர்கள். ஒரு அறையில் கண்டால் இருபக்கத்து அறைகளையும் மேல், கீழ் அறைகளையும் அதே நாளில் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள். உழைப்பு அதிகம்தான். பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருந்து வருகிறவரிடம் இதையெல்லாம் தனியாகச் செய் என்று சொல்வது நியாயமில்லை. வெந்நீரும் பழுதில்லாத கட்டிலும் கொடுப்பது வாடகை வாங்குகிறவரின் பொறுப்பு. விடுதி என்றால் ஒப்பந்தக்காரரின் பொறுப்பு, அவரை அமர்த்திய கம்பெனியின் பொறுப்பு. மெத்தை வாங்கும் கணக்கில் அதைச் சேர்த்துவிட்டால் பெரிய செலவே இல்லை.

வார்டன்களிடமும் வீட்டு உரிமையாளர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். ஒவ்வொரு மாடியிலும் ஒரு செல்லோ டேப், கொஞ்சம் வெள்ளைத் தாள், ஸ்பிரிட் ஊற்றிய ஒரு சிறு பாட்டில் வையுங்கள். யாராவது கடிக்கிறது என்று வந்து சொன்னால் அவரைத் திட்டாதீர்கள். டேப்பைக் கொடுத்து, பிடித்து வரச் சொல்லுங்கள். தாளில் தேதி, அறை எண், கிடைத்த இடம், கிடைத்த நேரம் நான்கையும் எழுதுங்கள். ஆளின் பெயர் வேண்டாம். அதை ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். காய்ச்சல் இருந்தால் ரத்தப் பரிசோதனையும் அங்கேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பூச்சி என்று தெரியும்வரை எந்த அறையிலும் எந்த மருந்தையும் அடிக்காதீர்கள்.